பாலும் சவ்வும்: ஒரு கோடையில் கற்ற பாடம்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கத்துச் சமையற்கட்டில் ஒரு சிறு வாக்குவாதம். பன்னீருக்காகப் பாலைத் திரித்துத் துணியில் வடிகட்டிய பிறகு, அடியில் சேர்ந்த தெளிந்த நீரை அண்டாவோடு சாக்கடையில் கவிழ்க்கப் போனார் ஒருவர். "ஐயோ, சத்தெல்லாம் அதில்தானே இருக்கிறது! அதைத்தான் பொடியாக்கி டப்பா டப்பாவாக விற்கிறார்கள்" என்று தடுத்தார் ஓர் அம்மாள். "வெறும் புளித்த தண்ணீர் மாமி இது" என்றார் இவர். இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். குஜராத்தில் முப்பது வருஷம் பால் பதனிடும் தொழிலில் இருந்தவன் என்பதால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"இருவர் சொல்வதிலும் பாதி உண்மை" என்று சொல்லி அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன். பந்தி போடும் அவசரத்தில் வேறென்ன செய்வது? மீதியை எழுதிக் கொடுங்கள் என்று ஆசிரியர் விடாமல் கேட்டதால் இந்தக் கட்டுரை. அந்த அண்டாத் தண்ணீரின் கதையைச் சொல்ல வேண்டுமானால், பாலில் என்ன இருக்கிறது, அதைச் சல்லடை போல ஒரு சவ்வினால் எப்படிப் பிரிக்கிறார்கள், பால் மாறினால் அந்தச் சவ்வு எப்படி முரண்டு பிடிக்கிறது என்ற மூன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்றாவதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. ஒரு கோடைக் காலத்தில், ஒரு நல்ல மனிதருக்குத் தீங்கு செய்த பிறகே கற்றேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பாலில் இருப்பவை

பால் என்பது பெரும்பகுதி தண்ணீர்தான். பசும்பாலில் நூற்றுக்குச் சுமார் 87 பங்கும், எருமைப் பாலில் 82, 83 பங்கும் தண்ணீர். மீதியில் கொழுப்பு, புரதம், லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை, தாது உப்புகள். புரதத்தில் இரு வகை உண்டு. ஐந்தில் நான்கு பங்கு கேசீன். பால் திரியும்போது கட்டியாக ஒதுங்குவது இதுதான். மீதி ஒரு பங்கு தெளிந்த நீரோடு போய்விடும் தெளிநீர்ப் புரதம். அந்தத் தெளிநீரைத் தொழிலில் 'வே' என்பார்கள்.

இவை ஒவ்வொன்றும் என்ன பருமன் என்பதில்தான் நம் கதையே இருக்கிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான். மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர். பால் சர்க்கரையின் மூலக்கூறு ஏறத்தாழ 1 நானோமீட்டர். தெளிநீர்ப் புரதம் 3 முதல் 6. கேசீன் தனித்தனியாக மிதப்பதில்லை. ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி, கால்சியம் பாஸ்பேட் என்னும் சுண்ணச் சாந்தினால் ஒட்டி உருண்டையாகத் திரண்டிருக்கும். அந்த உருண்டை சராசரியாக 150 முதல் 200 நானோமீட்டர். கொழுப்புத் துளிகள் 3, 4 மைக்ரான்.

எண்கள் அலுப்பூட்டினால் இப்படிப் பாருங்கள். பால் சர்க்கரையை ஒரு கடுகு என்று வைத்துக்கொண்டால், தெளிநீர்ப் புரதம் ஒரு கொண்டைக்கடலை. கேசீன் உருண்டை ஒரு பெரிய பூசணிக்காய். பாக்டீரியா ஓர் ஆள் உயரம். கொழுப்புத் துளி ஒரு மாடி வீடு. உப்பும் தண்ணீரும் கடுகைவிடவும் சிறியவை. இத்தனையும் ஒரே டம்ளரில் இருக்கின்றன. சல்லடைக் கண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் ஒன்றைவிட்டு ஒன்றைப் பிரித்துவிடலாம் அல்லவா?

நான்கு சல்லடைகள்

பிரிக்கலாம். அந்தச் சல்லடைதான் சவ்வு. பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த மெல்லிய தாளாகவோ, பீங்கான் குழாயாகவோ செய்யப்படுவது. கண்ணளவைப் பொறுத்து நான்கு வகை. முதலாவது மைக்ரோ ஃபில்ட்ரேஷன். இதில் 1.4 மைக்ரான் கண்ணுள்ள சவ்வு, கொழுப்பு நீக்கிய பாலிலிருந்து பாக்டீரியாக்களைத் தடுத்துவிடும், 0.1 மைக்ரான் சவ்வு கேசீனை நிறுத்தி, தெளிநீர்ப் புரதத்தைப் போகவிடும். இரண்டாவது அல்ட்ரா ஃபில்ட்ரேஷன். இது இரு புரதங்களையும் நிறுத்தி, சர்க்கரையையும் உப்பையும் போகவிடும். மூன்றாவது நானோ ஃபில்ட்ரேஷன். சர்க்கரையையும் நிறுத்தி, சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளில் ஒரு பகுதியைப் போகவிடும். நான்காவது ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ். ஏறக்குறைய தண்ணீரை மட்டுமே விடும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. கருவிக்குள் இருப்பது இதன் தம்பிதான்.

இந்தச் சவ்வுகளின் வரலாற்றில் நம் காதுக்குப் பழகிய ஒரு பெயர் வருகிறது. 1960 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வை நடைமுறைக்கு ஏற்றபடி செய்து காட்டியவர்கள் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் என்ற இருவர். சௌரிராஜன் என்பது திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் திருநாமம் என்று சொல்லத் தேவையில்லை. அவர்கள் கண்ட வழியில் வந்த சவ்வுகள் பிறகு பால் தொழிலுக்கும் வந்தன. 1969-இல் பிரான்சில் மோபுவா, மொக்கோ, வஸ்ஸால் என்ற மூவர், பாலை அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் செய்து பாலாடைக்கட்டி தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள்.

ஒரு சிறு கணக்கு. கொழுப்பு நீக்கிய பால் 100 லிட்டர். அதில் புரதம் 3.5 சதவீதம், சர்க்கரை 4.8 சதவீதம். அல்ட்ரா ஃபில்ட்ரேஷனில் 50 லிட்டரைச் சவ்வின் வழியே வெளியேற்றுகிறோம். புரதம் முழுதும் உள்ளேயே நிற்பதால் அது 7 சதவீதம் ஆகிவிடும். சர்க்கரையோ இருபுறமும் அநேகமாக அதே 4.8 சதவீதம், ஆகவே மொத்தச் சர்க்கரையில் பாதி வெளியே போய்விட்டது. இன்று கடைகளில் கிடைக்கும் 'அதிகப் புரதப் பால்' பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். கால்சியத்தின் நிலை வேறு. பசும்பாலில் உள்ள கால்சியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கேசீன் உருண்டைக்குள் இருப்பதால் அது புரதத்தோடு உள்ளே தங்கும். கரைந்த நிலையில் உள்ள பங்கு மட்டும் தண்ணீரோடு வெளியேறும். கரைந்தது எவ்வளவு, ஒட்டியிருப்பது எவ்வளவு என்பது பாலின் புளிப்பையும் சூட்டையும் பொறுத்து மாறும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சல்லடை ஏன் அடைகிறது?

காப்பி ஃபில்டரில் டிகாக்ஷன் முதலில் வேகமாக இறங்கி, பிறகு சொட்டுச் சொட்டாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பொடி அடியில் படிந்து தானே ஒரு தடையாகிவிடுகிறது. பாலைச் சவ்வின் மேல் நேராக ஊற்றினாலும் இதே கதிதான். ஆகவே பாலைச் சவ்வுக்கு இணையாக, வேகமாக ஓடவிடுகிறார்கள். காவிரியில் வெள்ளம் கரையை ஒட்டி ஓடிக்கொண்டிருக்க, ஒரு பகுதி மணல் வழியே கசிந்து கரையோரக் கிணற்றுக்கு வருகிறதே, அதைப் போல. ஓட்டத்தின் வேகமே படிவை ஓரளவு அரித்துக்கொண்டு போய்விடும்.

அப்படியும் சவ்வின் அருகே புரதம் நெருக்கியடித்து நிற்கும். தேர்த் திருவிழாவில் குறுகிய வாசலில் கூட்டம் சிக்கிக்கொண்டால், பின்னாலிருந்து தள்ளத் தள்ள ஒருவரும் வெளியே வர முடிவதில்லை. சவ்விலும் அப்படியே. ஓர் அளவு வரை அழுத்தத்தைக் கூட்டினால் கசிவு கூடும். அதற்குமேல் கூட்டினால் புரதப் படிவு இறுகுமே தவிர, கசிவு கூடாது. இது முதல் வகை அடைப்பு. புரதம் அதிகமுள்ள பாலில் இது சீக்கிரம் வரும்.

இரண்டாவது வகை தாதுப் படிவு. உப்பு, சர்க்கரையெல்லாம் சூட்டில் அதிகம் கரையும். கால்சியம் பாஸ்பேட் மட்டும் நேர்மாறு. சூடு ஏற ஏற அதன் கரையும் திறன் குறைந்து வெள்ளையாகப் படியும். பி.எச். ஏறினாலும், அதாவது பாலின் அமிலத்தன்மை குறைந்தாலும், அது படியும். பால் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் ஒட்டும் வெள்ளைப் படிவில் இதுவும் உண்டு.

படிவு எந்த வகை என்று அறிய ஒரு எளிய வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தைச் சோப்பு அல்லது சீயக்காய் போட்டுத் தேய்க்கிறோம். ஆழ்குழாய்த் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் வெள்ளைக் கறைக்குச் சோப்பு பயன்படாது. புளியோ எலுமிச்சையோ வேண்டும். சவ்வையும் அப்படித்தான் கழுவுகிறார்கள். முதலில் காஸ்டிக் கரைசல். அது புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கும். பிறகு அமிலக் கரைசல்; அது தாதுவைக் கரைக்கும். ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் சுத்தத் தண்ணீரை ஓட்டி, எவ்வளவு கசிகிறது என்று அளந்து எழுதி வைப்பார்கள். எந்தக் கழுவலில் கசிவு மீண்டதோ, அதுவே அடைப்பின் அடையாளம்.

அந்தக் கோடை

இப்போது என் கதை. அது தொண்ணூறுகளின் தொடக்கம். ஊர், பண்ணைப் பெயர் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து தருவித்த புதிய அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் கருவி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. குளிர்காலம் முழுவதும் ஒழுங்காக எட்டு மணி நேரம் ஓடியது. மே மாதம் பிறந்தது. வெயில் 43 டிகிரி. கருவி மூன்று மணி நேரத்தில் பாதி வேகத்துக்கு இறங்கிவிட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

நான் என்ன செய்தேன்? அழுத்தத்தைக் கூட்டினேன், பலனில்லை. வழக்கமான 50 டிகிரியிலிருந்து 54-க்குப் பாலின் சூட்டை ஏற்றினேன், பால் இளகி ஓடட்டும் என்று. முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு முன்னைவிட மோசமாயிற்று. மேலிடத்திலிருந்து தினமும் தொலைபேசி. யாராவது ஒருவர் மேல் குற்றம் விழ வேண்டியிருந்தது. இரவு ஷிப்டில் கருவியைக் கழுவும் ஆபரேட்டர் சரியாகக் கழுவவில்லை என்று நான் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன், நிரந்தரமாக்கப்படாதவர். அவருடைய சம்பளம் நிறுத்தி வைக்கப்பட்டது.

மூன்றாம் நாள் இரவு அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "சாகேப், நான் கழுவவில்லை என்றால் லாக் புக்கில் பொய் எழுதியிருக்க வேண்டும். ஒரு தடவை அதைப் படித்துப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாமே" என்று குஜராத்தியில் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

அந்த இரவே ஆலைக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். பன்னிரண்டு நாள் கணக்கும் அழகான கையெழுத்தில் இருந்தது. ஒவ்வொரு இரவும் காஸ்டிக் கழுவலுக்குப் பிறகு தண்ணீர்க் கசிவு சற்றே கூடியிருந்தது. அமிலக் கழுவலுக்குப் பிறகு பழைய அளவுக்கு முழுதாக மீண்டிருந்தது. கழுவல் சரியில்லை என்றால் காலையில் தொடங்கும்போதே வேகம் குறைவாக இருக்க வேண்டும். அவர் ஒவ்வொரு நாளும் சுத்தமான சவ்வைத்தான் ஒப்படைத்திருக்கிறார். அடைப்பு பகலில், என் கண்ணெதிரில், பாலிலிருந்து வந்திருக்கிறது. அதுவும் சோப்புக்குப் போகாமல் புளிக்குப் போகும் அடைப்பு. அதாவது கால்சியம் பாஸ்பேட்.

பாலில் என்ன மாறியது? தினமும் நாங்கள் பார்த்தது கொழுப்பு, கொழுப்பல்லாத திடப்பொருள், அமிலத்தன்மை மூன்றும்தான். எல்லாம் சரியாக இருந்தன. யோசித்துப் பார்த்தால், அமிலத்தன்மை அளவுக்கு மீறிச் சரியாக இருந்தது. 43 டிகிரி வெயிலில் கேன்களில் பல மணி நேரம் பயணம் செய்து வரும் பால் கொஞ்சமாவது புளித்திருக்க வேண்டாமா? மூலையில் கிடந்த பி.எச். மீட்டரைத் துடைத்து எடுத்தேன். பாலின் இயல்பான பி.எச். 6.6 முதல் 6.8 வரை. ஒரு குறிப்பிட்ட வழித்தடத்திலிருந்து வந்த பால் 7-ஐத் தாண்டிக் காட்டியது. ரோசாலிக் அமிலச் சோதனை செய்தோம். நல்ல பாலாக இருந்தால் மஞ்சள் கலந்த பழுப்பாக வரும். இது ரோஜாச் சிவப்பாக வந்தது. சோடா உப்பு கலந்திருக்கிறது என்று பொருள்.

பால் ஊற்றிய விவசாயிகள் அதைச் செய்யவில்லை. வழியில் புளித்துவிட்ட பால் திருப்பி அனுப்பப்பட்டால் நஷ்டம் என்று, வண்டி ஒப்பந்தம் எடுத்தவர் நடுவழியில் கலந்திருக்கிறார். சோடா புளிப்பை மறைத்தது. சோதனையில் பால் தேறிவிட்டது. ஆனால் பி.எச். ஏறிய அந்தப் பாலை 50 டிகிரிக்குச் சூடேற்றியதும், கரைந்திருந்த கால்சியம் பாஸ்பேட் சவ்வின் மேல் போய்ப் படிந்தது. நான் 54-க்கு ஏற்றியது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது போல. மனிதர்களை ஏமாற்றிய பால், சவ்வை ஏமாற்ற முடியவில்லை.

அந்தப் பாலை நிறுத்தினோம். சூட்டை மீண்டும் 50-க்கு இறக்கினோம். இரண்டே நாளில் கருவி பழையபடி எட்டு மணி நேரம் ஓடியது. என் அறிக்கை தவறு என்று எழுத்து மூலம் கொடுத்துத் திரும்பப் பெற்றேன். அவரிடம் நேரில் மன்னிப்பும் கேட்டேன். ஆனால் குற்றம் சாட்டும் காகிதம் ஒரே நாளில் மேலே போய்விடுகிறது; அதைத் திருத்தும் காகிதம் மெதுவாகத்தான் போகிறது. நிறுத்தி வைத்த சம்பளம் அவர் கைக்கு வரத் தீபாவளி ஆகிவிட்டது. அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவர் வீட்டில் என்ன பாடு பட்டார்களோ, நான் கேட்கவில்லை. கேட்கும் துணிவு இல்லை.

பால் ஒரே பால் அல்ல

அதன் பிறகு பாலைப் படிக்கத் தொடங்கினேன். எருமைப் பால் கூடும் மாதங்களில் கருவி ஏன் மெதுவாகிறது என்பது விளங்கியது. அதில் புரதம் 4 சதவீதத்துக்கும் மேல். 100 கிராம் பசும்பாலில் கால்சியம் சுமார் 120 மில்லிகிராம் என்றால், இதில் 180-ஐ எட்டும். ஆகவே அதே பங்கு தண்ணீரை வெளியேற்றினாலும் இது சீக்கிரம் கெட்டிப்படும். பசும்பாலுக்கு எழுதிய வெளிநாட்டுக் கையேட்டின் எண்களை அப்படியே நம் பாலுக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். எருமைப் பாலைப் பொடியாக்கவே முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சொல்லிவந்த காலம் ஒன்று இருந்தது. ஆனந்தில் எச்.எம். தலாயா 1950-களில் அதைச் செய்து காட்டினார். அந்தப் பாடம் சவ்வுக்கும் பொருந்தும்.

மடிவீக்கம் கண்ட மாட்டின் பாலிலும் நிலைமை மாறும். அதில் கேசீனும் சர்க்கரையும் குறைந்து, தெளிநீர்ப் புரதமும் உப்பும் கூடும், பி.எச். ஏறும். கொழுப்பைச் சரியாக நீக்காவிட்டால் அதுவும் சவ்வில் பூசிக்கொள்ளும். குளிர்ச்சியாக, 10 டிகிரியில் ஓட்டினால் தாதுப் படிவும் கிருமி வளர்ச்சியும் குறையும். ஆனால் பால் கனத்து, வேகம் குறையும். 50 டிகிரியில் வேகம் உண்டு. தாதுவையும் சூட்டில் வளரும் கிருமிகளையும் கவனிக்க வேண்டும். எதையும் இலவசமாகத் தருவதில்லை இந்தத் தொழில்.

அண்டாத் தண்ணீருக்கு வருவோம்

இப்போது சமையற்கட்டுத் தீர்ப்பு. 100 கிலோ பாலில் சுமார் 10 கிலோ பாலாடைக்கட்டி கிடைக்கும். 90 கிலோ தெளிநீர் மிஞ்சும். பாலாடைக்கட்டிக்குப் பாலைக் கொதிக்கவிடுவதில்லை. ஆகவே தெளிநீர்ப் புரதம் சிதையாமல் நீரோடு வந்துவிடும். டப்பாவில் விற்கும் பொடி பெரும்பாலும் அதை அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் செய்து, உலர்த்தி எடுப்பது. பன்னீருக்கோ பாலை நன்றாகக் காய்ச்சிவிட்டுத்தான் திரிக்கிறோம். சூட்டில் தெளிநீர்ப் புரதத்தில் பெரும்பகுதி கேசீனோடு ஒட்டிக்கொண்டு பன்னீரிலேயே தங்கிவிடும். அண்டாவில் மிஞ்சியதில் புரதம் கொஞ்சம்தான், சர்க்கரை நிறைய, கூடவே, புளிப்பினால் கேசீனிலிருந்து கழன்று கரைந்த கால்சியம். நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த வரி. இப்படிக் கால்சியம் மிகுந்த நீரை அப்படியே சூடாக்கிச் சவ்வில் ஓட்டினால் என்ன ஆகும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஆகவே மாமி நினைத்த அளவுக்குச் சத்து அதில் இல்லை. ஆனாலும் கொட்டக் கூடாது. தெளிநீர் ஆற்றிலோ குளத்திலோ கலந்தால் அதை அழிக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவையெல்லாம் தின்றுவிடும். மீன்கள் மூச்சுத் திணறும். வீட்டில் என்றால் சப்பாத்தி மாவு பிசையுங்கள். ரசத்தில் விடுங்கள், புளியைக் குறைத்துக்கொண்டு. கால்சியமாவது உடம்பில் சேரும்.

கடைசியாக, சங்கத்து இளைஞர்களில் எந்திரங்களோடு வேலை செய்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். எந்திரம் முரண்டு பிடிக்கும்போது முதலில் உள்ளே போவது என்ன என்று பாருங்கள். அடுத்து, இரவில் யாரோ ஒருவர் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கும் புத்தகத்தைப் படியுங்கள். அறிக்கை எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகு. நான் வரிசையை மாற்றிச் செய்தேன். அதன் விலையை நான் கொடுக்கவில்லை, வேறொருவர் கொடுத்தார்.